லங்காவிக்கு ஆளுக்கு 128 வெள்ளி

செண்பகம் அத்தை, இரவு 8:05
அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் லங்காவிக்கு மூன்று நாள் பயணம், விமானச் சீட்டும் ஹோட்டலும் சேர்த்து ஆளுக்கு 128 வெள்ளி என்று ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. இரவு 10 மணிக்குள் முன்பணம் கட்டினால்தான் இந்த விலையாம். பேசிய தம்பி மிகவும் மரியாதையானவர். பயண முகவையின் உரிம எண்ணைக்கூட அனுப்பியிருக்கிறார். நம் ஆறு பேருக்கும் பதிவு செய்துவிடட்டுமா?

கவிதா, 8:09
அத்தை, தயவுசெய்து இப்போது எதுவும் கட்டாதீர்கள். பணத்தை எப்படி அனுப்பச் சொன்னார்?

செண்பகம் அத்தை, 8:12
ஒரு கைப்பேசி எண்ணுக்குப் பேநவ் என்ற உடனடி வங்கிப் பரிமாற்றம் வழியாக அனுப்ப வேண்டுமாம். எண்ணைப் போட்டுப் பார்த்தபோது வேறு யாரோ ஒருவரின் பெயர் வந்தது. கேட்டதற்கு, அவர் தங்கள் கணக்காளர் என்றார். பயண விவரங்களைப் பார்க்க ஒரு செயலியின் இணைப்பும் வந்திருக்கிறது.

கவிதா, 8:19
அந்த இணைப்பைத் தொடவே வேண்டாம். உங்களுடையது ஆண்ட்ராய்டு கைப்பேசி. பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஏபிகே கோப்பாக வரும் செயலியை நிறுவி, அது கேட்கும் அனுமதிகளையும் கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லை நீங்கள் பார்ப்பதற்கு முன்பே அவர்கள் படித்துவிடக்கூடும். முன்பணத்தோடு போகாமல் கணக்கே காலியாகலாம். கணக்காளர் கதையையும் நான் நம்பவில்லை. நிறுவனங்கள் தங்கள் யுஇஎன் என்ற நிறுவனப் பதிவு எண்ணிலேயே பேநவ் பெற முடியும்போது, ஒரு தனிமனிதரின் கைப்பேசி எண் எதற்கு?

பெரியப்பா, 8:31
செண்பகம், உரிம எண் உண்மையானதாகவே இருக்கலாம். அதை அனுப்பியவர் அந்த முகவையைச் சேர்ந்தவரா என்பதுதான் கேள்வி. கடை வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையை யார் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம் அல்லவா? சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் இணையத்தளத்தில் உரிமம் பெற்ற பயண முகவைகளின் பட்டியல் இருக்கிறது. அதில் அந்தப் பெயரைத் தேடி, அவர்களுடைய அலுவலகத்தை நேரடியாகத் தொடர்புகொண்டு கேள். விளம்பரத்தில் இருக்கும் எண்ணை அழைத்தால் அதே தம்பிதான் மறுபடியும் மரியாதையாகப் பேசுவார்.

சித்தி, 8:40
விலையை மட்டும் பார்த்து மோசடியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நானும் நினைத்திருந்தேன். சென்ற ஆண்டு பினாங்கில் ஒரு ஹோட்டலைப் பெயர் பெற்ற முன்பதிவுத் தளம் ஒன்றில் முறையாகத்தான் பதிவு செய்தேன். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு, அதே தளத்தின் உரையாடல் பெட்டியில், என் பெயரும் தங்கும் தேதிகளும் சரியாகக் குறிப்பிடப்பட்டு, "12 மணி நேரத்துக்குள் அட்டையை மீண்டும் சரிபார்க்காவிட்டால் அறை ரத்தாகும்" என்று ஒரு செய்தி வந்தது. அட்டை எண்ணைப் பாதி தட்டிவிட்டேன். முகவரியில் ஏதோ கூடுதல் எழுத்துகள் இருந்ததால் நிறுத்திவிட்டு ஹோட்டலையே அழைத்துக் கேட்டேன். அவர்களுடைய கணக்குக்குள் யாரோ புகுந்து, விருந்தினர் எல்லாருக்கும் அப்படி அனுப்பியிருக்கிறார்களாம். பூட்டிய வீட்டுக்குள்ளிருந்தே திருடன் குரல் கொடுத்தால் எப்படி இருக்கும்!

கவிதா, 8:48
அதனால்தான் நான் இத்தகைய செலவுகளுக்குக் கடன்பற்று அட்டையையே பயன்படுத்துகிறேன், சித்தி. ஏமாந்தது தெரிந்தால் வங்கியிடம் அந்தக் கட்டணத்தை எதிர்த்து முறையிட வழி உண்டு, பணம் திரும்பும் என்ற உறுதி இல்லாவிட்டாலும். பேநவ்வில் போன பணம் அந்த நொடியிலேயே மறுபக்கம் சேர்ந்து, அடுத்த நிமிடம் வேறொரு கணக்குக்கும் போய்விடும்.

செண்பகம் அத்தை, 9:26
பட்டியலில் இருந்த எண்ணில் இந்த நேரத்திலும் ஒரு பெண் பேசினார். லங்காவிக்கு அப்படி எந்தச் சலுகையும் இல்லையாம். இன்று என்னைப் போலவே இன்னும் இருவர் கேட்டார்களாம். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பெரியப்பா, 9:29
இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; நீ பணம் அனுப்புமுன் கேட்டாய். விளம்பரத்தையும் அந்த எண்ணையும் ஸ்கேம்ஷீல்டு செயலியில் புகார் செய்துவிடு. சந்தேகம் இருந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

சித்தி, 9:34
பயணப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். அடுத்த வாரம் திருச்சியிலிருந்து சம்பந்தியம்மா வருகிறார். சிங்கப்பூர் வருகை அட்டைக்கு 60 வெள்ளி கட்டச் சொல்லி ஒரு தளம் கேட்கிறதாம். கட்டிவிடலாமா?

கவிதா, 9:37
வேண்டாம், சித்தி. குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் தளத்தில் அந்த அட்டை முற்றிலும் இலவசம். வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள் நிரப்பினால் போதும். நானே நிரப்பிவிடுகிறேன். அவருடைய கடப்பிதழின் படத்தை மட்டும் இந்தக் குழுவில் போடாமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.