சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஏழு மணி நேரம், வெளியே போகலாமா?

கேள்வி: மதியம் 2 மணிக்கு சிங்கப்பூரில் இறங்குகிறேன், அடுத்த விமானம் இரவு 9 மணிக்கு. ஊருக்குள் போய்வர நேரம் இருக்குமா?

ஊர்சுற்றி: தாராளமாக இருக்கும். விசா வேண்டுமா என்று பாருங்கள், வருகை அட்டையை முன்கூட்டியே ஆன்லைனில் நிரப்பிவிடுங்கள். அப்புறம் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) பிடித்து பேஃபிரண்ட் நிலையத்தில் இறங்கினால் கார்டன்ஸ் பை தி பே என்ற பெரிய தோட்டம் நடக்கிற தூரம்தான். அந்த ஒரே இடம் போதும், நாலு இடம் அலைந்தால் எதையும் பார்த்த மாதிரி இருக்காது. அங்கே இரவு 7.45-க்கு நடக்கும் ஒளிக்காட்சிக்கு ஆசைப்படாதீர்கள், விமானம் போய்விடும்!

தூக்கக்கலக்கம்: விசா இல்லையென்றால் விமான நிலையத்தை ஒட்டிய ஜூவல் வணிக வளாகத்தின் 40 மீட்டர் அருவியும் கிடையாது, அது குடிநுழைவைத் தாண்டித்தான் இருக்கிறது. முனையங்களுக்கு இடையே ஓடும் ஸ்கைட்ரெயின் ஜன்னலில் ஒரு பார்வை கிடைக்கும், அவ்வளவுதான். மூன்றாம் முனையத்தின் பட்டாம்பூச்சித் தோட்டம் உள்ளேயே இருக்கிறது, அங்கே போங்கள்.

கேட்டவர்: விசா இருக்கிறது. சரி, கார்டன்ஸ் பை தி பே மட்டும்.