புதிய குறுநாடகங்கள், மோனோலாக்: குழுக்களுக்குப் பரிந்துரைப் பட்டியல் தயாரிப்பது எப்படி? (பெங்களூரு)

அல்சூர்க்காரர் கேட்டது:

வணக்கம். பெங்களூரில் தமிழ் நாடகம் போட நினைக்கிற சின்னக் குழுக்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "பத்துப் பதினைஞ்சு நிமிஷத்துல முடியற புது ஸ்கிரிப்ட் ஏதாவது இருக்கா?" அதற்காக நாலு பேர் சேர்ந்து ஒரு பட்டியல் தயாரிக்கிறோம். எழுதுகிறவர்களிடமிருந்து பிரதி வாங்கி, படித்து, தேறியதை இங்கேயும் மும்பை, டெல்லியிலும் உள்ள குழுக்களுக்கு அனுப்புவதாகத் திட்டம். நாற்பது சொச்சம் வந்திருக்கிறது. பாதிக்கு மேல் மோனோலாக், அதாவது ஒரே ஆள் பேசுகிற நாடகம்.

எழுதியவர் "10 நிமிடம்" என்று போட்டிருந்தால் அதை நம்பலாமா? மதிப்பெண் போடுவதா, வேண்டாமா? ஒவ்வொரு பிரதிக்கும் பரிந்துரைக் குறிப்பில் என்னென்ன இருக்க வேண்டும்? உரிமை விஷயத்தில் எங்கே மாட்டிக்கொள்வோம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பிரதிவாசி:

நேரத்தை நம்பாதீங்க. எழுதினவர் மனசுக்குள்ள படிச்சுப் பார்த்துப் போட்ட கணக்கு அது. நடிகர் மேடையில நிதானமா, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசினா, தமிழ்ல நிமிஷத்துக்கு 90லேருந்து 110 சொல் போகும், அவ்வளவுதான். 'போகமாட்டேங்கிறானே' நமக்கு ஒரே சொல் இல்லையா? ஆங்கில நாடகக்காரங்க சொல்ற 'ஒரு பக்கம் ஒரு நிமிஷம்' இங்கே செல்லாது. பத்து நிமிஷ நாடகம்னா பேச்சு மட்டும் 900 சொல்லைத் தாண்டினாலே சந்தேகப்படுங்க.

அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறதுதான் இன்னும் ஆபத்து. "(அடுப்பைப் பற்றவைத்துக் காபி போடுகிறாள்)" படிக்க ரெண்டு விநாடி. செஞ்சு காட்ட நாலு நிமிஷம். நெருப்புன்னா அரங்கத்துக்காரங்க கிட்ட தனியா அனுமதி வேற வாங்கணும். "(அவன் கண்ணோரம் ஈரம்)" எட்டாவது வரிசைக்குத் தெரியவே தெரியாது. இது மாதிரிக் குறிப்பை எல்லாம் எடுத்துட்டுப் படிச்சுப் பாருங்க. நாடகம் அப்பவும் நின்னா சரக்கு இருக்கு. நிக்கலேன்னா அது இன்னும் சிறுகதைதான்.

படிக்கிற முறை: ஒரு பிரதிக்கு மூணு பேர். ரெண்டு பேர் மனசுக்குள்ள, ஒருத்தர் ஸ்டாப்வாட்ச் வச்சு சத்தமா. சத்தமாப் படிக்கிறவர் எழுதினவரா இருக்கக்கூடாது. எழுதினவர் தடுக்குற இடத்தையெல்லாம் குரலாலேயே ஒட்டிடுவார். பெயரை மறைக்கணும்னா முதல் பக்கத்துல அழிச்சா மட்டும் போதாது. கோப்புப் பெயர்லயும் வேர்ட் கோப்போட உள்விவரத்துலயும் பெயர் உட்கார்ந்திருக்கும். பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துரு பிரதிகள் வந்தா முதல்லயே யூனிகோடுக்கு மாத்தி ஒரு தடவை கண்ணால சரிபாருங்க. ஒற்றெழுத்தும் கொம்பும் இடம் மாறிக் கிடக்கும்.

மதிப்பெண் போடலாம், சராசரி எடுக்காதீங்க. அஞ்சுக்கு 3, 3, 3 வாங்கினது யாருக்கும் பிடிக்காத நாடகம். 5, 5, 1 வாங்கினதை யாராவது ஒரு இயக்குநர் கண்டிப்பா எடுப்பார். ஒண்ணு போட்டவர் ஏன் போட்டார்ங்கிறதை அப்படியே குறிப்புல எழுதுங்க, அதைப் படிச்சே ஒரு குழு அந்த நாடகத்தைக் கேட்கும்.

---

ஒளிக்குறிப்பு:

பாதிக்கு மேல் மோனோலாக் என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். ஒரு நடிகர் போதும், செலவு குறைவு என்று எல்லாரும் மோனோலாக் எழுதுகிறார்கள். வருவதில் பெரும்பகுதி தன்மை ஒருமையில் எழுதிய சிறுகதை. "அன்று மழை பெய்துகொண்டிருந்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார்." படிக்க அழகு. மேடையில் அதைச் சொல்கிற ஆளுக்கு என்ன வேலை?

மூன்று கேள்வி கேளுங்கள். யாரிடம் பேசுகிறாள்? இதை ஏன் நேற்றுச் சொல்லவில்லை, இன்றைக்குச் சொல்கிறாள்? பாதியில் நிறுத்தினால் அவளுக்கு என்ன நஷ்டம்? கேட்பவர் நாற்காலியில் தூங்குகிற மாமனாராக இருக்கலாம், பூட்டிய கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் இருக்கும் மகனாக இருக்கலாம், பார்வையாளரையே ஊர்ப் பஞ்சாயத்தாக வைத்துக்கொள்ளலாம். யாரோ ஒருவர் இருந்தாக வேண்டும். "தனக்குத்தானே" என்று எழுதியிருந்தால் அந்த நடிகர் பத்து நிமிடமும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஒளிவட்டத்துக்குள் தவிப்பார்.

அடுத்த வியாதி தொலைபேசி. எதிர்முனையில் பேசுவது கேட்காது என்பதால், "என்னது, நாளைக்கு வர்றியா? அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று எதிராளியின் வரியையும் இவரே சொல்லிவிடுவார். அப்படி மூன்று இடத்தில் வந்தாலே திருப்பி அனுப்புங்கள். போன் மோனோலாக்கே கூடாது என்றில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் ழான் காக்தோவின் 'மனிதக் குரல்' 1930இல் அரங்கேறியது, முழுக்கத் தொலைபேசிதான். அதில் இணைப்பு அறுந்து அறுந்து போகிறது. ஒவ்வொரு முறை அறுபடும்போதும் அவளுடைய நிலை மாறுகிறது. அங்கே போன் ஒரு பாத்திரம். நமக்கு வரும் பிரதிகளில் வெறும் சாக்கு.

வட்டார வழக்கையும் கவனியுங்கள். கொங்குத் தமிழிலோ நெல்லைத் தமிழிலோ எழுதிய மோனோலாக்கை அந்த வழக்கு நாக்கில் இல்லாதவர் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் அது மிமிக்ரி ஆகிவிடும். குறிப்பில் 'வழக்கு: இது, பொதுப் பேச்சுத் தமிழுக்கு மாற்ற எழுத்தாளர் சம்மதம் உண்டு / இல்லை' என்று ஒரு வரி போடுங்கள். பெங்களூர்த் தமிழிலேயே, 'சொல்ப அட்ஜஸ்ட்' ('சொல்ப' என்றால் கன்னடத்தில் கொஞ்சம்) எல்லாம் கலந்து எழுதிய பிரதி வந்தால் விடாதீர்கள். இங்குள்ள நடிகர்களுக்கு அது மூச்சு மாதிரி.

---

மாட்டுங்கா மேடை:

மும்பைக்கும் அனுப்பப் போறீங்கன்னா ரெண்டு விஷயம்.

மகாராஷ்டிராவில் டிக்கெட் போட்டு நாடகம் நடத்தணும்னா பிரதியை முன்கூட்டியே மாநில நாடகத் தணிக்கை வாரியத்துக்குக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கணும். தமிழ்நாட்டில் 1954ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தை 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதால், அங்கிருந்து எழுதுபவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதனால் இறுதிப் பிரதி என்று ஒன்றை மட்டும் அனுப்புங்க. "ஒத்திகையில் பார்த்துக்கலாம்" என்று பாதி வசனத்தைத் திறந்து விட்டிருக்கும் பிரதி இங்கே சிக்கல். கொடுத்த பிரதி ஒன்று, பேசியது வேறொன்று என்று ஆகிவிடும்.

இரண்டாவது, மேடை. இங்கே ஜூஹு பிருத்வி அரங்கத்தில் மேடையைச் சுற்றி மூன்று பக்கமும் ஆட்கள். உங்க ஊர் ஜே.பி. நகர் ரங்க சங்கரா அரங்கத்திலும் மேடை பார்வையாளருக்குள் நீட்டிக்கொண்டுதான் இருக்கு. "திரை விழுகிறது", "சன்னல் வழியே முதுகைக் காட்டி நிற்கிறாள்" எல்லாம் ஒரு பக்கம் மட்டும் ஆட்கள் உட்காரும் சபா மேடைக்கு எழுதினது. ஒவ்வொரு குறிப்பிலும் 'மூன்று பக்கப் பார்வைக்குச் சரிப்படுமா' என்பதை எழுதணும்.

ஒரே மாலையில் ஐந்து குறுநாடகம் என்றால் இடைமாற்றம் ஒவ்வொன்றும் 90 விநாடிக்குள் முடியணும். ஒரு பெஞ்சு, 45 சென்டிமீட்டர் மரப்பெட்டி நாலு, ஒரு நாற்காலி. இதற்குள் அடங்காத பொருள் கேட்கிற பிரதியைத் தனியாகக் குறித்து வையுங்க. கட்டில் கேட்டால் அதை முதல் நாடகமாகவோ இடைவேளைக்குப் பின்னோ மட்டும்தான் போட முடியும். இரண்டு மோனோலாக்கை அடுத்தடுத்து வைக்காதீங்க, இரண்டாவது ஆள் பாவம்.

---

பிரதிவாசி:

உரிமை பற்றி யாரும் தொடலையே. பட்டியல்ல பேர் இருக்கிறதாலேயே அனுமதி கிடைச்சதா ஆகாது. அனுமதிக்கு யாரைக் கேட்கணும், ஒரு காட்சிக்கு எவ்வளவுன்னு அங்கேயே இருக்கணும். கடிதத்துல காட்சிகளோட எண்ணிக்கை, ஊர், காலம், யூடியூப்ல ஏத்தலாமா, வசனம் வெட்டலாமா இந்த அஞ்சும் கட்டாயம். காலத்தைக் குறிக்காம விட்டா அஞ்சு வருஷம்னும், எல்லையைக் குறிக்காம விட்டா இந்தியா முழுக்கன்னும் 1957 பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கும். எழுதினவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

கதையைத் தழுவி எழுதினதா இருந்தா மூலக்கதை உரிமை யார்கிட்டன்னு கேளுங்க. எழுத்தாளர் இறந்த அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு. புதுமைப்பித்தன் கதைன்னா தாராளமா எடுக்கலாம். அசோகமித்திரன் 2017லதான் மறைஞ்சார், குடும்பத்துகிட்ட கேட்டாகணும். ஒளிக்குறிப்பு சொன்ன காக்தோ 1963ல இறந்தவர், 2023 முடிவோட இந்தியாவுல மூலம் திறந்தாச்சு. ஆனா தமிழ்ல யாரோ மொழிபெயர்த்ததை எடுத்தா மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை. பலரும் வழுக்குற இடம் இது.

சினிமாப் பாட்டு கதைக்கே அச்சாணியா இருந்தா அதையும் எழுதி வைங்க. இசைக்கும் வரிக்கும் ஐ.பி.ஆர்.எஸ்., ஒலிப்பதிவுக்கு பி.பி.எல்.னு உரிமம் கொடுக்குற அமைப்பு ரெண்டு. நடிகர் முணுமுணுக்கற மாதிரி மாத்தினா ஒலிப்பதிவுச் செலவாவது மிச்சம்.

---

ஒளிக்குறிப்பு:

தழுவலில் எனக்கு உடன்பாடு இல்லை. புதுப் பிரதி கேட்டு அறிவித்துவிட்டு, பழைய கதைத் தழுவலையும் அதே பட்டியலில் சேர்த்தால் இயக்குநர்கள் தெரிந்த பெயரையே எடுப்பார்கள். புதிதாக எழுதுகிறவர் பின்னால் போய்விடுவார். தனிப் பட்டியலாக வையுங்கள்.

---

அல்சூர்க்காரர்:

மிக்க நன்றி. தழுவலைப் பிரித்துவிடுகிறோம். படிவம் இப்படி வந்திருக்கிறது: சத்தமாகப் படித்த நேரம், நடிகர் எத்தனை பேர், வயது, கேட்பவர் யார் (மோனோலாக்குக்கு மட்டும்), வழக்கு, பொருள்கள், ஒளி மாற்றம் எத்தனை, மூன்று பக்க மேடை, பாட்டு, அனுமதி யாரிடம், படித்தவர் மூவரின் கருத்து, மாறுபட்டாலும் அப்படியே.

இன்னொரு கேள்வி. இங்கே பிறந்து வளர்ந்த நடிகர்கள் பலர் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். கன்னட லிபியில் மாற்றித் தர வேண்டியிருக்கிறது. மென்பொருளில் மாற்றினால் போதுமா?

---

பிரதிவாசி:

போதாது. நம்மகிட்ட ஒரே 'க', ஒரே 'ப'. கன்னடத்துல ka, ga, pa, baன்னு ஒவ்வொரு ஒலிக்கும் தனி எழுத்து. மென்பொருள் பெரும்பாலும் எல்லாத்தையும் ka, paன்னே மாத்தும், 'பாவம்' பரிதாபமா முகபாவமான்னு அதுக்குத் தெரியாது. 'குழந்தை', 'அகம்', 'பஸ்' மூணுலயும் கை வச்சாகணும். 'ழ'வுக்கு இன்றைய கன்னடத்துல எழுத்தே புழக்கத்துல இல்லை. பழைய எழுத்தைப் போட்டா படிக்கத் தெரியாது, 'ள'ன்னு போட்டா அப்படியே பேசிடுவாங்க. 'ள'வுக்குக் கீழே ஒரு கோடு போட்டு, முதல் பக்கத்துல அதை விளக்கிடுங்க. மாத்தினதும் ஒருத்தர் தமிழ்ப் பிரதியைக் கையில வச்சுக்கணும், இன்னொருத்தர் கன்னடப் பிரதியை வாய்விட்டுப் படிக்கணும். பத்து நிமிஷ நாடகத்துக்கு ஒரு மணி நேர வேலை.