டுரியான் தோட்டத்துச் செயின்சாவுக்கு எந்த எண்ணெய், எந்தக் கிரீஸ்?

மலைச்சரிவு (பாலேக் பூலாவ்)

வணக்கம். பினாங்குத் தீவின் பாலேக் பூலாவ் மலைச்சரிவில் எங்கள் குடும்பத்திற்கு மூன்று ஏக்கர் தோட்டம் ஒன்று இருக்கிறது. பெரும்பகுதி டுரியான், ஓரங்களில் பழைய ஜாதிக்காய் மரங்கள். முழங்கால் வலியோடு சித்தப்பாவால் மலையேற முடியாமல் போன பிறகு, தோட்டத்தோடு அவருடைய 45 சிசி செயின்சாவும் சென்ற ஆண்டு என் பொறுப்பிற்கு வந்தது.

சென்ற மாதம் காற்றில் சாய்ந்த ஒரு மரத்தை அறுத்துக்கொண்டிருந்தபோது பாரின் (சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட இரும்புத் தகடு) ஓரத்திலிருந்து புகை கிளம்பியது. உடனே நிறுத்திப் பார்த்தேன். பாரின் கீழ் விளிம்பு நீலம் பாய்ந்திருந்தது. கையுறை போட்டு இழுத்தும் சங்கிலி நகரவில்லை. எண்ணெய்த் தொட்டியில் பாதிக்கு மேல் எண்ணெய் இருந்தும் இப்படி ஆனது.

அந்தத் தொட்டியில் சித்தப்பா காலத்திலிருந்தே மோட்டார்சைக்கிள் பட்டறையில் கழித்துப் போடும் மின்யாக் ஹித்தாமைத்தான் ஊற்றி வருகிறோம். பெட்ரோலில் கலக்கும் 2டி எண்ணெய், அதாவது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான எண்ணெய், தீர்ந்துவிட்டது. கெர்த்தாக் சங்கோலில் மீன்பிடிக்கும் நண்பர் தம் படகு எஞ்சினுக்கு வாங்கிய எண்ணெயில் ஒரு கேன் தருவதாகச் சொல்கிறார். அதுவும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்தான் என்பதால் ஊற்றலாமா என்று தெரியவில்லை. கிரீஸ் எங்கே, எவ்வளவு வைக்க வேண்டும் என்பதையும் எனக்கு யாரும் காட்டித் தரவில்லை. தோட்டத்தின் அடியில் ஓடும் சிற்றோடையிலிருந்துதான் குழாய் வைத்துத் தண்ணீர் எடுக்கிறோம் என்பதையும் மனத்தில் வைத்துப் பதில் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பட்டறைக்காரன் (பட்டர்வொர்த்)

வணக்கம் தம்பி. முதலில் அந்தப் படகு எண்ணெயை ஊற்ற வேண்டாம். கேனின் பின்புறம் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்கும். அது கடல் நீரால் குளிர்விக்கப்படும் எஞ்சினுக்காகச் செய்யப்பட்டது. செயின்சாவின் எஞ்சின் காற்றால் மட்டுமே குளிர்கிறது. அதன் பிஸ்டன் படகு எஞ்சினுடையதைவிட மிகுதியாகச் சூடேறும். அந்தச் சூட்டில் இந்த எண்ணெய் கரியாகப் படிந்து, பிஸ்டன் வளையங்களை அவற்றின் பள்ளத்திலேயே ஒட்டிப் பிடித்துவிடும். வளையம் ஒட்டினால் அழுத்தம் குறையும், பிறகு சிலிண்டரின் உட்சுவரில் கீறல் விழும். என் பட்டறைக்கு வந்த ஒரு செயின்சாவைப் பிரித்தபோது வளையங்களைச் சிறிய ஸ்குரூடிரைவரால் நெம்பித்தான் எடுக்க முடிந்தது. அதன் உரிமையாளர் ஊற்றியதும் படகு எண்ணெய்தான்.

உங்களுக்கு வேண்டியது காற்றால் குளிரும் எஞ்சினுக்கான 2டி எண்ணெய். கேனில் ஜாசோ என்ற ஜப்பானியத் தர முறையின் எஃப்சி அல்லது எஃப்டி குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தர முறையில் அதற்கு இணையானவை இஜிசி, இஜிடி. அவற்றுக்குக் கீழ்ப்படியான எஃப்பி தரமும் எஞ்சினைக் காக்கும்; ஆனால் புகையும் கரியும் கூடுதலாக இருக்கும். பெட்ரோல் நிலையங்களில் யமஹா ஆர்எக்ஸ்இசட் மோட்டார்சைக்கிளுக்கு விற்கும் 2டி எண்ணெயிலும் இந்தக் குறி இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்க வேண்டாம். ஆர்எக்ஸ்இசட் வண்டியில் எண்ணெய்க்குத் தனித் தொட்டியும் அதைத் தேவைக்கேற்பச் செலுத்தும் பம்பும் உண்டு. செயின்சாவில் அந்தப் பம்பு இல்லை. இருக்கும் பம்பு சங்கிலிக்கு மட்டும்தான். எஞ்சினுக்குள் போகும் எண்ணெய் முழுவதும் நீங்கள் பெட்ரோலில் கலந்து கொடுப்பதே. ஒரு முறை கலக்காத பெட்ரோலை ஊற்றினாலும் சில நிமிடங்களில் பிஸ்டன் இறுகிவிடும்.

அளவைப் பற்றிப் பலரும் குழம்புகிறார்கள். 50க்கு 1 என்றால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர், 5 லிட்டருக்கு 100 மில்லிலிட்டர். செயின்சா தயாரிக்கும் ஸ்தில், ஹஸ்க்வர்னா ஆகிய இரண்டு நிறுவனங்களின் கையேடுகளும் இந்த விகிதத்தைத் தத்தம் எண்ணெய்க்கே சொல்கின்றன. வேறு எண்ணெய் என்றால் 1 லிட்டருக்கு 30 மில்லிலிட்டர், அதாவது 33க்கு 1 என்று ஹஸ்க்வர்னா கூட்டச் சொல்கிறது. ஸ்தில்லின் பழைய கையேடுகள் 25க்கு 1 வரை போகின்றன. ஆகவே உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் உள்ளதையே பின்பற்றுங்கள். பாதிப் பெட்ரோலை ஊற்றி, எண்ணெயைச் சேர்த்துக் குலுக்கி, மீதிப் பெட்ரோலையும் ஊற்றி மறுபடி குலுக்க வேண்டும். ஒரு மாதத்திற்குள் தீரும் அளவு மட்டும் கலந்து வையுங்கள். நம் ஊர் வெயிலில் தகரக் கொட்டகைக்குள் மூன்று மாதம் கிடந்த கலவைதான் காலையில் ஸ்டார்ட் ஆகாத செயின்சாக்களில் பாதிக்குக் காரணம் என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

கிரீஸ் விஷயம் சிறியது, ஆனால் இரண்டு இடங்கள் உண்டு. கிளட்ச் டிரம்முக்கு உள்ளே ஊசி பேரிங் ஒன்று இருக்கிறது. டிரம்மைக் கழற்றும்போதெல்லாம் அதைத் துடைத்து, லித்தியம் கிரீஸ், 2ஆம் எண் கெட்டியில், விரல் நுனியளவு தடவினால் போதும். அதிகம் வைத்தால் சூட்டில் உருகிக் கிளட்ச் கட்டைகளில் பட்டு வழுக்கும். இரண்டாவது இடம் பாரின் முனையில் உள்ள பல்சக்கரம். அங்கே விளிம்பை ஒட்டிக் குண்டூசித் தலையளவு துளை இருந்தால் மட்டுமே கிரீஸ் வைக்க வேண்டும். துளையைத் துடைத்துவிட்டு, சிறிய முனையுள்ள கிரீஸ் பம்பால் அழுத்தி, சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, அழுக்குக் கிரீஸ் முழுவதும் வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும் வரை செலுத்துங்கள். துளையைத் துடைக்காமல் அழுத்தினால் மரத்தூளைத்தான் பேரிங்குக்குள் தள்ளுவீர்கள். இன்று வரும் பார்களில் பலவற்றுக்குத் துளையே இருக்காது. அவற்றின் முனைக்குச் சங்கிலி எண்ணெயே போதும்.

தொட்டியில் எண்ணெய் இருந்தும் பார் நீலமானதென்றால் எண்ணெய் பாருக்கு வந்து சேரவில்லை என்று பொருள். சங்கிலி எண்ணெயைப் பற்றி நம் ஐயா ஒருவர் என்னைவிட நன்றாகச் சொல்வார், அவருக்கு விடுகிறேன்.

பழைய காண்டிராக்டர் (நிபோங் திபால்)

பால்மரங்களை வீழ்த்திச் செம்பனை நடும் வேலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் செயின்சா பிடித்தவன் நான். ஸ்தில் 070 என்ற அந்தப் பெரிய இயந்திரத்தைத் தோளில் சுமந்து எத்தனை வரிசை மரங்களை அறுத்திருப்பேன் என்று கணக்கில்லை. அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன், தம்பி: அந்தக் கழிவு எண்ணெயை இன்றோடு நிறுத்துங்கள்.

செயின்சாவின் சங்கிலி எண்ணெய் திரும்பி வருவதில்லை. எஞ்சின் எண்ணெய் உள்ளேயே சுற்றும், பிறகு வடித்து எடுப்போம். இதுவோ தொட்டியிலிருந்து பாருக்குப் போய், சங்கிலியில் ஏறி, மரத்தூளிலும் மண்ணிலும் உங்கள் சட்டையிலும் தெறித்து முடிந்துவிடும். உங்கள் அளவு இயந்திரத்தில் எண்ணெய்த் தொட்டி ஏறக்குறைய கால் லிட்டர் பிடிக்கும். பெட்ரோல் ஒரு தடவை தீரும்போது எண்ணெயும் பெரும்பாலும் தீர்ந்திருக்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். ஒரு நாளில் நான்கு முறை நிரப்பினால் ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெய் அந்தச் சரிவில் இறங்குகிறது. கீழே ஓடை, நடுவில் டுரியான் விழும் நிலம். ஊற்றும் எண்ணெய் எதுவோ அதைத்தான் அந்த மண்ணுக்கும் கொடுக்கிறீர்கள்.

எங்கள் காலத்தில் எல்லாரும் கழிவு எண்ணெயைத்தான் ஊற்றினோம்; காசில்லை, சொல்லித் தரவும் ஆளில்லை. என் இரண்டு முன்னங்கைகளிலும் தொடைகளிலும் ரோமக்கால்கள் அடைத்துக் கருத்த கொப்புளங்கள் வந்து ஆண்டுக்கணக்கில் ஆறாமல் இருந்தன. தோல் மருத்துவர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, எண்ணெயில் வேலை செய்கிறீர்களா என்பதுதான். எஞ்சினில் ஓடிக் கழிந்த எண்ணெயில் உலோகத் துகளும் அமிலமும் இருக்கும். புற்றுநோயை உண்டாக்கக்கூடிய கரிமச் சேர்மங்களும் சேர்ந்திருக்கும். சங்கிலி வேகத்தில் அது பனிபோலத் தெறித்து மூச்சிலும் போகிறது. அபாயக் கழிவுகளைப் பட்டியலிடும் நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் பயன்படுத்திய மசகெண்ணெய்க்கு எஸ்டபிள்யூ 305 என்று தனி எண்ணே உண்டு. உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டிய பொருளை நாம் தோட்டத்தில் தெளித்துக்கொண்டிருக்கிறோம்.

இயந்திரத்திற்கும் அது நல்லதில்லை. சங்கிலி எண்ணெய் என்று விற்பதைத் தொட்டுப் பாருங்கள். விரல்களைப் பிரித்தால் பாகுபோல நூலிழுக்கும். ஒட்டும் தன்மைக்கென்றே அதில் ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். வினாடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடும் சங்கிலி பாரின் முனையில் திரும்பும்போது, ஒட்டாத எண்ணெய் அங்கேயே வீசி எறியப்படும்; பாரின் கீழ் விளிம்பிற்கு ஒன்றும் வந்து சேராது. உங்கள் பார் கீழ்ப்பக்கம் நீலம் பாய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நம் ஊரில் குளிர்காலம் இல்லை, ஆகவே ஐஎஸ்ஓ 100 அல்லது 150 பிசுக்கு (எண்ணெயின் கெட்டித்தன்மை) உள்ள சங்கிலி எண்ணெயை ஆண்டு முழுவதும் பயன்படுத்தலாம். கியர் எண்ணெய் மிகவும் கெட்டி, சிறிய பம்பு இழுக்காது. ஹைட்ராலிக் எண்ணெயில் ஒட்டும் தன்மை இல்லை. நடுக்காட்டில் தீர்ந்துபோய் வேறு வழியே இல்லையென்றால் சீல் உடைக்காத புதிய எஞ்சின் எண்ணெயை ஒரு நாள் ஊற்றி, பாருக்கு எண்ணெய் வரும் சுரப்பைக் கூட்டி வைத்து, வேலையை முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

மலைச்சரிவு

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் மிக்க நன்றி. படகு எண்ணெயை நண்பரிடமே விட்டுவிட்டேன். பாரைக் கழற்றிப் பார்த்ததில், எண்ணெய் வரும் துளை தார்போன்ற கறுப்புச் சேற்றாலும் மரத்தூளாலும் முழுவதும் அடைபட்டிருந்தது. தொட்டிக்குள் இருந்த சிறிய வடிகட்டியும் அப்படியே இருந்தது.

ஓடையை நினைத்து இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. ஐரோப்பாவில் தாவர எண்ணெயைச் சங்கிலிக்கு ஊற்றுகிறார்கள் என்று படித்தேன். செம்பனை விளையும் நாட்டில் இருக்கும் நாம் சமையல் எண்ணெயையே ஊற்றலாமா?

எண்ணெய் ஆய்வகம் (பிறை)

வணக்கம். மசகெண்ணெய்களைச் சோதிக்கும் பணியில் இருப்பதால் இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

அங்கே பயன்படுத்துவது பெரும்பாலும் கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப் விதையின் எண்ணெய்; அதில் ஒட்டும் பொருளும் கெடாமல் காக்கும் பொருளும் சேர்த்திருப்பார்கள். மண்ணில் நுண்ணுயிர்கள் அதைச் சில வாரங்களில் பெரும்பாலும் சிதைத்துவிடும் என்பதுதான் அதன் சிறப்பு. வெறும் தாவர எண்ணெயின் குறை என்னவென்றால், காற்றுப் பட்டால் மெல்ல மெல்ல இறுகிப் பிசின்போல ஆகும். எண்ணெயில் நிறைவுறாத கொழுப்பு எவ்வளவு மிகுதியோ அவ்வளவு விரைவாக இது நடக்கும். சோயா எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் இதில் மோசம். செம்பனை எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு கூடுதல் என்பதால் அது அவற்றைவிட நீண்ட நாள் தாங்கும். பினாங்கின் வெப்பத்தில் சமையல் செம்பனை எண்ணெய் உறைவதுமில்லை. கேமரன் மலையின் இரவுக் குளிரில் அது கலங்கிக் கெட்டியாகக்கூடும், அங்கே நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆகவே ஓடைக்கருகில் அறுக்கும் நாள்களில் சுத்தமான சமையல் எண்ணெயை ஊற்றலாம். அது சங்கிலி எண்ணெயைவிட நீர்த்திருக்கும், ஒட்டும் தன்மையும் குறைவு. எனவே சுரப்பைக் கூட்டி வையுங்கள், தடித்த அடிமரத்தை நீண்ட நேரம் அறுக்க அதை நம்ப வேண்டாம். வேலை முடிந்து ஒரு வாரத்திற்கு மேல் இயந்திரத்தை வைக்கப்போகிறீர்கள் என்றால், தொட்டியை வடித்துவிட்டுச் சிறிது சங்கிலி எண்ணெயை ஊற்றி இரண்டு நிமிடம் ஓட்டி, பம்பைக் கழுவிவிடுங்கள். இதைச் செய்யாமல் மூன்று மாதம் வைத்த இயந்திரங்களில்தான் பம்பு இறுகிப்போகிறது. பொரித்த எண்ணெய் வேண்டவே வேண்டாம். அதில் உப்பும் துகளும் கெட்டுப்போன அமிலமும் இருக்கும். 1 கிலோ பொட்டலத்தில் 2 ரிங்கிட் 50 சென்னுக்கு விற்கும் எண்ணெய் குடும்பங்களின் சமையலுக்காக அரசாங்க உதவித்தொகையில் வருவது. அதை இயந்திரத்திற்கு வாங்குவது முறையும் ஆகாது, சட்டமும் இடம் தராது. பாட்டில் எண்ணெயை வாங்குங்கள்.

கடையில் மட்கும் சங்கிலி எண்ணெய் கிடைத்தால் விலை கூடுதலானாலும் உங்கள் தோட்டத்திற்கு அதுதான் என் முதல் தேர்வு.

மலைச்சரிவு

அனைவருக்கும் நன்றி. தொட்டியைப் பெட்ரோலால் அலசி, வடிகட்டியை மாற்றி, துளையைக் கம்பியால் குத்தித் திறந்து, இன்று காலை புதிய சங்கிலி எண்ணெயை ஊற்றினேன். பாரின் முனையை ஒரு பழைய அட்டைப்பெட்டியின் மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்து, முக்கால் வேகத்தில் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். அட்டையில் மெல்லிய எண்ணெய்க்கோடு ஒன்று தெளிவாக விழுந்தது. மீதமிருந்த கழிவு எண்ணெய் ஒன்றரை கேனையும், சேகரிக்க வரும் வண்டியிடம் சேர்த்துவிடுவதாகச் சொன்ன பட்டறையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீலம் பாய்ந்த பாரைத் திருப்பிப் போட்டு இன்னும் சில மாதம் ஓட்டலாமா?

பட்டறைக்காரன்

கோடு விழுந்தது நல்ல செய்தி. பாரைத் திருப்பிப் போடுவது எப்போதும் செய்ய வேண்டியதுதான். சங்கிலியைக் கூர்தீட்டும் ஒவ்வொரு முறையும் திருப்பினால் இரண்டு விளிம்பும் சமமாகத் தேயும். ஆனால் நீலமாக மாறிய இடத்தில் இரும்பு தன் கடினத்தை இழந்திருக்கும். அந்தப் பகுதி மற்றதைவிட விரைவாகத் தேய்ந்து சங்கிலி ஒரு பக்கமாகச் சாயும். விளிம்பின் மேல் அளவுகோலை நிறுத்தி வெளிச்சத்தில் பாருங்கள். சங்கிலி ஓடும் பள்ளத்தின் இருபக்கச் சுவர்களும் ஒரே உயரத்தில் இருந்தால் கிளை அறுக்கும் வேலைக்கு இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒன்று தாழ்ந்திருந்தால் டுரியான் விழத் தொடங்குவதற்கு முன்பே பாரையும் சங்கிலியையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். புதிய சங்கிலியைப் பொருத்துவதற்கு முதல் நாள் இரவு எண்ணெயில் ஊறப் போடவும் மறக்காதீர்கள்.