விமானம் ஏறிய நாள் 180-ல் சேருமா?

கணக்கன்:
"பிரிட்டனில் ஐஎல்ஆர் (காலவரம்பில்லாமல் தங்கும் அனுமதி) வாங்க, ஜனவரியிலிருந்து டிசம்பருக்குள் 180 நாளைத் தாண்டாமல் வெளிநாட்டில் இருந்தால் போதும்" என்று நெடுவழி நேற்று எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஸ்கில்டு ஒர்க்கர் (திறன் பணியாளர்) விசாவில் காலண்டர் வருடம் என்ற கணக்கே கிடையாது. எந்த 12 மாதத்தை எடுத்தாலும் 180-ஐத் தாண்டக் கூடாது. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 110 நாள், தொடர்ந்து மார்ச்சுக்குள் 80 நாள் வெளியே இருந்தால், உங்கள் கணக்கில் இரண்டு வருடமும் சரி, ஆனால் உண்மையில் 190 ஆகிவிட்டது. இதை நம்பி யாராவது டிக்கெட் போட்டால் யார் பொறுப்பு?

நெடுவழி:
என் நண்பருக்கு நான் சொன்ன கணக்கில்தான் கிடைத்தது. அப்புறம், உங்கள் கூட்டலே தப்பு. கிளம்பிய நாள், வந்து இறங்கிய நாள் இரண்டையும் சேர்த்தீர்களா?

கணக்கன்:
சேர்க்கக் கூடாது. முழு நாள் வெளியே இருந்தால்தான் கணக்கு. மார்ச் 1 கிளம்பி மார்ச் 31 திரும்பினால் 29 நாள். ஹோம் ஆபிஸ் (பிரிட்டன் உள்துறை) வழிகாட்டியிலேயே இருக்கிறது. உங்கள் நண்பர் எந்த வருடம் வாங்கினார்? 2018 ஜனவரி 11-க்கு முன் கொடுத்த விசா என்றால் விண்ணப்பத் தேதியிலிருந்து பின்னோக்கி 12, 12 மாதமாகப் பிரிப்பார்கள். அதுவும் ஜனவரி-டிசம்பர் இல்லை.

நெடுவழி:
31. காலை 6 மணிக்கு விமானம் ஏறியவன் அன்றைக்கு எந்த நாட்டில் இருந்தான்? சொல்லுங்கள். நாள் நாள்தான்.

மல்லிகை:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கம்பெனி வேலையாகப் போன நாட்கள் சேராது என்று என் மேனேஜர் சொன்னார், உண்மையா?

கணக்கன்:
சேரும். உங்கள் விசாவில் வேலைக்குப் போனாலும் விடுமுறைக்குப் போனாலும் ஒன்றுதான். விசா கிடைத்த பிறகு முதல் முறை இங்கே வந்து சேரத் தாமதித்த நாட்களையும் வெளியே இருந்ததாகத்தான் எண்ணுவார்கள்.

தென்றல்77:
இந்த 180 எல்லாருக்கும் இல்லை. நான் துணைவர் விசாவில் இருக்கிறேன், அதில் இந்த வரம்பே கிடையாது. இரண்டு பேரும் எந்த விசா என்று சொல்லாமலே அடித்துக்கொள்கிறீர்கள்.

கணக்கன்:
முதல் பதிவில் ஸ்கில்டு ஒர்க்கர் என்றுதான் எழுதினேன். படித்துவிட்டு வாருங்கள்.

நெடுவழி:
அவர் எப்போதும் இப்படித்தான். போன வருடம், ஐஎல்ஆருக்குத் தேவையான ஐந்து வருடம் முடிய 28 நாள் முன்பே விண்ணப்பிக்கலாமா என்று நடந்த விவாதத்திலும் இதே திமிர்.

கணக்கன்:
விண்ணப்பிக்கலாம் என்று சொன்னேன். அன்றைக்கும் நான்தான் சரி. நீங்கள் முடியாது என்று சொன்னதால் ஒருவர் காத்திருந்து, தேவையில்லாமல் விசா நீட்டிப்புக்குப் பணம் கட்டினார், மறந்துவிட்டீர்களா? இப்போதும் அதே ஆபத்து. மூன்று பயணம் போனவர் உங்கள் முறையில் எண்ணினால் 186 வரும், பயந்து விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுவார். ஆறு நாளைக் கழித்தால் சரியாக 180. தாண்டவில்லை. அவர் தகுதியானவர்.

நெடுவழி:
186 என்று பாஸ்போர்ட் காட்டினால் 186-தான்.

கணக்கன்:
இப்போது பலருக்குப் பாஸ்போர்ட்டில் முத்திரையே விழுவதில்லை. டிக்கெட்டையும் போர்டிங் பாஸையும் வைத்து நாம்தான் பட்டியல் போட வேண்டும்.

தென்றல்77:
பிரிட்டன் அரசின் 2025 மே மாத வெள்ளை அறிக்கை ஐஎல்ஆருக்கான ஐந்து வருடத்தைப் பத்து வருடமாக்குவது பற்றிப் பேசுகிறது. நீங்கள் ஆறு நாளுக்குச் சண்டை போடுகிறீர்கள்.

நெடுவழி:
அதற்குத் தனி இழை திறங்கள். இங்கே கேள்வி கிளம்பிய நாள்.

மல்லிகை:
எனக்கு ஒரு 12 மாதத்தில் 194 வருகிறது. அம்மா உயிருக்கு ஆபத்தான நிலையில் ஐசியூவில் இருந்தார், நான்தான் கூட இருந்தேன். நிராகரித்துவிடுவார்களா? நாலு நாளாகத் தூக்கம் இல்லை.

கணக்கன்:
நெருங்கிய உறவினரின் உயிருக்கு ஆபத்தான நோய் என்றால் விதியிலேயே விலக்கு இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கடிதம், தேதிகளோடு, கட்டாயம் வாங்கி வையுங்கள். முதலில் 194-ஐ மறுபடி எண்ணுங்கள், கிளம்பிய நாளும் வந்த நாளும் சேர்த்திருக்கிறீர்களா?

மல்லிகை:
சேர்த்துத்தான் எண்ணினேன். நாலு பயணம்.

கணக்கன்:
அப்படியென்றால் 186. கடிதம் இன்னும் தேவைதான், ஆனால் எட்டு நாள் குறைந்துவிட்டது.

நெடுவழி:
194. அவரைத் தப்பாக வழிநடத்தாதீர்கள்.