சங்கீதம் 150: 'தம்புரு' என்றால் தம்புராவா?

பாடற்குழு76:
ஆலயத்தில் பைபிளின் சங்கீதம் 150-ஐ வாத்தியங்களோடு பாடப் போகிறோம். "தம்புரோடும் நடனத்தோடும்" என்ற வரிக்குத் தம்புரா ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம் என்கிறார்கள். அதில் வரும் வீணை, சுரமண்டலம், யாழ் எல்லாம் நம் ஊர்க் கருவிகள்தானா? கைத்தாளத்தை எங்கெங்கே தட்டுவது? எக்காளத்துக்கு ஆட்டுக்கடாக் கொம்பு ஒன்று கிடைத்திருக்கிறது. கூடவே கீபோர்டு உண்டு.

நெகினோத்:
தம்புரா எடுக்காதீர்கள், காசு வீண். எபிரெயத்தில் அங்கே இருப்பது 'தோஃப்'. மரவளையத்தில் தோல் கட்டிக் கையால் அடிக்கிற பறை அது. செங்கடல் தாண்டியதும் மோசேயின் சகோதரி மிரியாம் கையில் எடுத்ததும் (யாத்திராகமம் 15:20) இதுதான். பெரிய டேப் (கைப்பறை) பொருந்தும். கஞ்சிரா என்றால் அதன் சில்லுகளில் ஒட்டுநாடா ஒட்டி ஓசையை அடக்குங்கள். பழைய தோஃபில் சில்லு இருந்ததற்குத் தெளிவான சான்று இல்லை. கஞ்சிராத் தோல் காய்ந்தால் 'டங்'கென்று உயரும். உள்பக்கம் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் தடவினால் இறங்கும். அதிகமானால் செத்த ஓசைதான்.

வசனம் 3-இல் வீணை என்பது 'நேபேல்', சுரமண்டலம் என்பது 'கின்னோர்'. இரண்டிலும் மெட்டு (தந்தியை அழுத்தும் குறுக்குப் படி) கிடையாது, திறந்த தந்திகள்தான். கின்னோருக்குப் பத்துத் தந்தி, மீட்டுகோலால் வாசிப்பார்கள். நேபேலுக்குப் பன்னிரண்டு, விரலால் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். சங்கீதம் 33:2-லோ "பத்து நரம்பு வீணை". காலத்துக்குக் காலம் மாறியிருக்கும். ஆக, மெட்டு வைத்த நம் வீணையைவிடச் சுரமண்டலமே இரண்டுக்கும் கிட்டத்தில் வரும். வசனம் 4-இன் 'யாழ்' மூலத்தில் பொதுவாகத் 'தந்திகள்' என்கிற சொல். வேடிக்கை என்னவென்றால், சிலர் சொல்வதுபோல நேபேல் யாழ் வகை என்றால், பெயரை விட்டு அமைப்பைப் பார்க்கையில் அதற்கு நம் பழைய யாழ்தான் இன்னும் நெருக்கம்.

ஆசாப்பின்_தாளம்:
கைத்தாளம் பற்றி. பாட்டு முழுக்க ஜால்ரா போலத் தட்டுவதுதான் எல்லாக் குழுக்களும் செய்கிற தவறு. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னா, எருசலேம் ஆலயத்துக் காலைப் பலியை விவரிக்கிறது. ஆசாரியன் பானபலியை (திராட்சரசக் காணிக்கையை) ஊற்றக் குனிகிறான், தலைவர் துணியை வீசிக் காட்டுகிறார், கைத்தாளம் ஒலிக்கிறது, லேவியர் (ஆலயப் பணி செய்யும் கோத்திரத்தார்) பாடத் தொடங்குகிறார்கள். பாட்டின் ஒவ்வொரு பகுதி முடிவிலும் நிறுத்தம். அப்போது வெள்ளிப் பூரிகை (உலோக ஊதுகுழல்) ஊதப்படும், ஜனங்கள் விழுந்து பணிவார்கள். அங்கே கைத்தாளம் சைகை, லயக்கருவி அல்ல. எண்ணிக்கையும் அப்படியே: கின்னோர் ஒன்பதுக்குக் குறையாது, நேபேல் இரண்டு முதல் ஆறு, பாடும் லேவியர் பன்னிருவருக்குக் குறையாது, கைத்தாளமோ ஒன்றே ஒன்று.

உங்களுக்கு: தொடக்கத்தில் ஒரு தட்டு. பிறகு வசனம் 5-இல் மட்டும் இரண்டு. "ஓசையுள்ள" என்பதற்கு ஓரத்தோடு ஓரம் லேசாக, "பேரோசையுள்ள" என்பதற்கு முழுத்தட்டு. தட்டியதும் உள்ளங்கையால் அமுக்காமல் ஒலி தானாக அடங்க விடுங்கள். நேருக்கு நேர் மோதினால் நடுவில் காற்று அடைபட்டுப் 'பொத்'தென்று போகும். சற்றுச் சாய்த்து மோதவேண்டும்.

கொம்பும்பூரிகையும்:
வசனம் 3-இல் இருப்பது ஷோஃபார், கொம்புதான், சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். எண்ணாகமம் 10-இன் வெள்ளிப் பூரிகை வேறு, அது ஆசாரியர் ஊதுவது. 98:6-இல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன.

சிக்கல் சுருதியில். கொம்பில் பொதுவாக இரண்டு மூன்று சுரம்தான் வரும்; அதன் நீளமும் உட்குழிவும் தீர்மானிப்பவை. டியூனர் ஆப்பில் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நிற்கும். கீபோர்டை டிரான்ஸ்போஸ் செய்துவிட்டு, மிச்சத்தை ஃபைன் டியூனிங்கில் சரிக்கட்டுங்கள். சுரமண்டலத்துக்குக் கடைசியாகச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சுருதியில் பாட வராவிட்டால், கொம்பைத் தனியாக ஊதி, ஒலி அடங்கியபின் கீபோர்டு. ஊதுபவர் கன்னத்தை உப்பவிடக்கூடாது. உதட்டை இறுக்கி, வாயின் ஓரத்தில் வைத்தால் பலருக்கு எளிது.

பாடற்குழு76:
நன்றி. தம்புராவை விட்டாயிற்று. பறையும் நடனமும் அந்த எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே இருந்தனவா?

நெகினோத்:
லேவியருக்கு நாளாகமம் தரும் பட்டியலில் (1 நாளா. 25:1, 2 நாளா. 29:25) கைத்தாளம், நேபேல், கின்னோர் மட்டுமே. பறை இல்லை. பறை ஊர்வலத்திலும் வெற்றிக் கொண்டாட்டத்திலும்தான் அதிகம் வருகிறது, அநேகமாகப் பெண்கள் கையில். ஆகவே 150-ஐ ஒரே மேடையின் வாத்தியப் பட்டியலாகப் படிக்கவேண்டாம் என்பது என் கருத்து. டேப் அடிப்பவர்களை வாசலிலிருந்து நடந்துவரச் செய்து, வசனம் 4-க்கு முன்னே வந்து சேரும்படி நேரம் பாருங்கள்.