எம்டிபி சைக்கிளின் பின் ஹப் போய்விட்டது: குறைந்த செலவில் எதை வாங்கலாம்?

கடலோரச் சக்கரம், திருவொற்றியூர்

அனைவருக்கும் வணக்கம். திருவொற்றியூரிலிருந்து மணலிக்கு வேலைக்குச் சென்று வர ஆறு ஆண்டுகளாக 26 அங்குல எம்டிபி (மலைப்பாதை) சைக்கிளைத்தான் பயன்படுத்துகிறேன். பின் சக்கரத்தில் 36 ஸ்போக்ஸ், ஏழு கியர் ஃப்ரீவீல் (ஹப் என்னும் சக்கர நடுப்பகுதியில் திருகி மாட்டும் கியர் தொகுதி), ஆறு போல்ட் டிஸ்க் பிரேக் உள்ளன. சென்ற ஆண்டு ஆக்சில் (ஹப்பின் நடுவே செல்லும் அச்சு) வளைந்ததால் புதியது போட்டேன். போன வாரம் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பாலத்தில் எழுந்து நின்று மிதித்தபோது சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து பிரேமில் உரசி நின்றுவிட்டது. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அதை ஓரம் கட்டுவதற்குள் பயந்துபோனேன்.

கழற்றிப் பார்த்தால், ஆக்சில் வலப்பக்கக் கோனை (பால்ஸை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டு) ஒட்டி இரண்டாக ஒடிந்திருந்தது. ஒடிந்த முகத்தில் பாதி கறுத்தும், மீதிப் பாதி புதுக் காசு போலப் பளபளத்தும் இருந்தது. ஹப்பின் கப்பில், அதாவது பால்ஸ் உருளும் கிண்ணத்தில், விரலை ஓட்டினால் குழிகள் நெருடுகின்றன. இதே வகை ஹப்பைத் திரும்ப வாங்கினால் போதுமா, வேறு வகைக்கு மாற வேண்டுமா? கூலி உட்பட 3,500 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். கியர் லீவரையும் பின் டிரெய்லியரையும் (செயினைக் கியர் விட்டுக் கியர் தள்ளும் கருவி) மாற்றும் வசதி இப்போது இல்லை.

வண்ணை மெக்கானிக், பழைய வண்ணாரப்பேட்டை

தம்பி, ஒடிந்த முகத்தைக் கவனித்து எழுதியது நல்லதாயிற்று. கறுத்திருக்கும் பாதி பல நாள்களுக்கு முன்பே விரிசல் விட்டு உள்ளே தண்ணீரும் அழுக்கும் புகுந்த பகுதி. பளபளக்கும் பாதிதான் அன்று பாலத்தில் ஒடிந்தது. ஆகவே பழியைப் பாலத்தின் மேல் போட வேண்டாம். குறை அந்த ஹப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. மரை போட்ட ஹப்பில் ஃப்ரீவீலை வெளியே திருகி மாட்டுவதால், வலப்பக்கப் பால்ஸ் அதற்கும் உள்ளே தள்ளி அமைந்துவிடுகிறது. அங்கிருந்து பிரேம் வரை ஆக்சில் தாங்கல் இல்லாமல் நீண்டு நிற்கிறது. ஆறு, ஏழு கியருக்கு அந்த நீளம் மிக அதிகம். நீங்கள் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அந்த இடம் சிறிது வளைந்து நிமிர்கிறது. புது ஆக்சில் போட்டாலும் மறுபடி அதே இடத்தில்தான் ஒடியும். கப்பில் குழி விழுந்துவிட்டதால் பழைய ஹப்பைச் சரிசெய்யவும் வழியில்லை.

கேசட் (திருகாமல் ஹப்பின் மேல் செருகும் கியர் தட்டுத் தொகுதி) மாட்டும் ஹப்புக்கு மாறிவிடுங்கள். அதில் வலப்பக்கப் பால்ஸ் ஏறக்குறைய வெளி முனையில் இருப்பதால் ஆக்சிலுக்கு அந்தச் சுமை வராது. கியர் லீவரைப் பற்றிக் கவலை வேண்டாம்: 8, 9, 10 கியருக்கான ஹப்பில் 4.5 மில்லிமீட்டர் வளையம் ஒன்றை முதலில் போட்டு, அதன்மேல் ஏழு கியர் கேசட்டை மாட்டினால் உங்கள் லீவர் அப்படியே வேலை செய்யும். இந்த வளையத்தைக் கடைக்காரர் பல நேரங்களில் மறந்துவிடுவார். நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

ஷிமானோவில் எஃப்ஹெச்-எம்475 என்ற ஹப் ஆறு போல்ட் ரோட்டருக்கு (டிஸ்க் பிரேக்கின் தட்டு) உரியது, 36 ஸ்போக்ஸ் துளையிலும் வருவது. எஃப்ஹெச்-டிஎக்ஸ்505 கிடைத்தால் அது சென்டர்லாக் வகை (ஆறு போல்ட்டுக்குப் பதில் நடுவில் ஒரே வளையத்தால் ரோட்டரைப் பூட்டுவது) என்பதால் உங்கள் ரோட்டர் நேராக அமராது. வாங்குமுன் பின் சக்கரம் மாட்டும் இடத்தில் பிரேமின் இரு உள்முகங்களுக்கு இடையே வெர்னியரால் அளந்து 135 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.

நெடுமிதி, பெரம்பூர்

நண்பரே, மேலே ஐயா சொன்ன கேசட் யோசனையை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஓட்டுகிறவருக்கு கோன் வைத்த ஹப்பை விட சீல்டு பேரிங் (மூடி அடைத்த, முழுதாகக் கழற்றி மாற்றும் பேரிங்) ஹப் பொருந்தும் என்பது என் அனுபவம். பேரிங் தேய்ந்தால் அதன்மேல் பொறித்திருக்கும் எண்ணைச் சொல்லி எந்த பேரிங் கடையிலும் வாங்கலாம். 6001 என்றால் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 28, தடிமன் 8 மில்லிமீட்டர், எங்கு வாங்கினாலும் அதே அளவுதான். கோன் ஹப்பில் தண்ணீர் புகுந்ததைக் கவனிக்காமல் விட்டால் கப் போய்விடும், கப் போனால் ஹப்பே போயிற்று. உங்களுக்கு இப்போது நேர்ந்ததும் அதுதான். ஒன்றை மட்டும் பாருங்கள்: விலை குறைந்த சீல்டு ஹப்களில் கேசட் மாட்டும் பகுதி அலுமினியமாக இருந்தால் கேசட் தட்டுகள் அதை வெட்டிப் பள்ளமாக்கிவிடும், இரும்பில் செய்ததையே வாங்குங்கள்.

கடலோரச் சக்கரம்

இருவருக்கும் நன்றி. அளந்ததில் சரியாக 135 மில்லிமீட்டர் இருக்கிறது. பாரிமுனைப் பக்கம் விசாரித்தபோது எனக்குக் காட்டிய சீல்டு ஹப் எல்லாமே 32 துளையாக இருந்தது. என் ரிம் 36 என்பதால் ஷிமானோ கோன் ஹப்பையே வாங்க முடிவு செய்துவிட்டேன். பழைய ஸ்போக்ஸையே பயன்படுத்தலாமா, ஐயா? செலவை அதில் குறைக்கலாம் என்று பார்க்கிறேன்.

வண்ணை மெக்கானிக்

அதில் மட்டும் குறைக்காதீர்கள். ஹப்பில் ஸ்போக்ஸ் மாட்டும் தட்டின் அகலம் மாறினால் ஸ்போக்ஸ் நீளமும் மாறும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வேறுபாடு என்றால் சமாளிக்கலாம், அதற்கு மேல் என்றால் நிப்பிள் (ஸ்போக்ஸை ரிம்மில் இறுக்கும் சிறு நட்டு) பிடிக்காது. அதைவிட, கடல் காற்றில் ஆறு ஆண்டு நின்ற ஸ்போக்ஸ் வளைவில் துருப்பிடித்திருக்கும். நகத்தால் சுரண்டினால் செம்மண் போல உதிரும். புதிதாக ஸ்டெயின்லெஸ் போடுங்கள். ரிம்மில் விரிசல் இல்லையென்றால் அதையே வைத்துக்கொள்ளலாம். பழைய செயின் 12 அங்குலத்துக்கு 1/16 அங்குலம் நீண்டிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புதுக் கேசட்டில் வழுக்கும்.

ஸ்போக்ஸ் கட்டுவதற்கு முன் வெறும் ஹப்பைப் பிரேமில் வைத்துப் பாருங்கள். ஆக்சிலின் இரு முனையிலும் உள்ள லாக்நட்டின் முகம் இரு பக்கமும் முழுதாக ஒட்டி அமர வேண்டும். ஒரு பக்கம் தாள் நுழையும் அளவுக்குச் சந்து தெரிந்தால் பிரேமின் முனை வளைந்திருக்கிறது என்று பொருள், அதை நிமிர்த்தாமல் சக்கரத்தை மாட்டக்கூடாது. ஒரே வண்டியில் ஆக்சில் இரண்டு முறை கெட்டது என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

புது ஹப்பில் ஆலையில் வைத்த கிரீஸ் குறைவாகவே இருக்கும். பிரித்து, காசிமேட்டில் படகுச் சாமான் விற்கும் கடையில் உப்புத் தண்ணீர் தாங்கும் கிரீஸ் வாங்கி நிறைய வைத்து, பக்கத்துக்கு ஒன்பது கால் அங்குலப் பால்ஸ் என்று எண்ணிப் போடுங்கள். கோனை இறுக்கும்போது கையில் இம்மி ஆட்டம் தெரிய வேண்டும். சக்கரத்தைப் பிரேமில் இறுக்கும் குவிக் ரிலீஸ் லீவரை மடக்கியதும் ஆக்சில் அழுந்தி அந்த ஆட்டம் மறைந்துவிடும். மடக்கிய பிறகும் ஆடினால் கோனை இம்மியளவு இறுக்குங்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒரு முறை, தை பிறந்ததும் ஒரு முறை பிரித்துத் துடைத்துவிடுங்கள். கட்டிய சக்கரத்தை முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் கொண்டு வாருங்கள், கோட்டம் பார்த்துத் தருகிறேன்.