நாய்களை அவிழ்த்து விடுற வளவைப் பூட்டாமல் வைச்சிருக்க வழி?

வடலி எழுதினது:

யாழ். நகரை ஒட்டின எங்கட ஒழுங்கையில நாலு பரப்பு வெறும் வளவு ஒண்டு இருக்கு. சொந்தக்காரர் கனடாவில. அவர் வாய்ச்சொல்லால தந்த சம்மதத்தில ஒன்பது வீட்டார் காலையும் பின்னேரமும் நாய்களைக் கொண்டுபோய் அவிழ்த்து விடுறம். ரெண்டு பக்கம் அயல் வீட்டு மதில். மற்ற ரெண்டு பக்கமும் பழைய கிடுகு வேலி, இடைக்கிடை தகரம். படலை ஒண்டுதான்.

இப்ப எல்லாப் பக்கத்தாலயும் இடி. கிழக்கு மதிலோட இருக்கிற வீட்டார், தங்கட கிணத்துக்கு நாய்ப்பீ ஊறுது எண்டு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்டச் சொல்லிப்போட்டினம். பின்வீட்டில ஓ.எல். படிக்கிற பிள்ளை, குரைப்புத் தாங்கேலாதாம். இதுகள் காதில விழ, சொந்தக்காரர் "பேசாமப் பூட்டுங்கோ" எண்டுறார். உள்ளுக்க அவருக்குப் பயம், காணி கைவிட்டுப் போயிடும் எண்டு. போதாக்குறைக்குக் கட்டாக்காலி நாய்கள் வேலிக்கு அடியால வருது, படலையடியில கடிபாடு.

மாரிக்கு முதல் எதை முதலில செய்யவேணும்? ஒன்பது வீட்டுக்குப் பிரிச்சுத் தாங்கக்கூடிய செலவாச் சொல்லுங்கோ.

முத்திரைத்தாள் எழுதினது:

முதல் சொந்தக்காரர். அயலவர் முறைப்பாடு வைச்சா மாதக்கணக்கில பேசித் தீர்க்கலாம், இணக்க சபை வரைக்கும் போகலாம். சொந்தக்காரர் வேண்டாம் எண்டா அண்டைக்கே கதை முடிஞ்சுது.

அவர் பயப்பிடுறதில நியாயம் இருக்கு. 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, சொந்தக்காரரின்ர உரித்தை ஏற்காமல், தடங்கல் இல்லாமல் 10 வருசம் ஒரு காணியை ஆண்டவர் ஆட்சியுரிமை கேட்கலாம். வெளிநாட்டில இருக்கிறவைக்கு இதுதான் தலையிடி. ஆனா அனுமதியோட உள்ளுக்க நிக்கிறவருக்கு, அந்த அனுமதியின்ர பேரில நிக்கும்வரை அந்தப் 10 வருசக் கணக்கு ஓடாது. அப்ப அனுமதியை எழுத்தில கொண்டுவாங்கோ. அந்தக் கடிதம் உங்களைவிட அவரைத்தான் கூடக் காப்பாற்றும், இதை அவருக்கு விளங்கப்படுத்துங்கோ.

கடிதத்தில உறுதி இலக்கமும் நில அளவைப் படத்தின்ர இலக்கமும் இருக்கவேணும். பிறகு நாலு வசனம் காணும்: நாய்களை விடுறதுக்கு மட்டும் அனுமதி, காணியில எங்களுக்கு எந்த உரித்தும் இல்லை, எழுத்தில 14 நாள் அறிவித்தல் தந்தா விட்டுப்போவம், நாய் கடிச்சா அந்த நாயின்ர சொந்தக்காரர் பொறுப்பு, காணிக்காரர் இல்லை. ஒன்பது பேரும் அடையாள அட்டை இலக்கத்தோட கையெழுத்து. ஒவ்வொரு தை மாதமும் புதுசா எழுதுங்கோ. அவருக்கு இங்க அற்றோனி (அவருக்காகக் கையெழுத்து வைக்கிற ஆள்) இருந்தா, அந்த அற்றோனித் தத்துவம் இதுக்கு இடங்குடுக்குதோ எண்டு பார்த்து அந்த அற்றோனியே கையெழுத்து வைக்கலாம்.

குத்தகை எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ, வாடகையும் குடுக்காதேங்கோ. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால முடியாட்டிச் செல்லாது (1840 ஆம் ஆண்டுச் சட்டம்). வாடகைக் கதை வந்தாலே அவருக்குப் பழைய பயம் திரும்ப வரும்.

இன்னொரு நல்ல துருப்பு உங்கட கையில இருக்கு. 2007 ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தில, வளவில குடம்பி கண்டா வழக்கு வாறது காணிக்காரருக்கு. ஆள் இல்லாத வளவுதான் முதலில மாட்டும். புல்லு வெட்டினது, சிரட்டை கோம்பை பொறுக்கினது, திகதியோட மாதம் ஒரு படம் அவருக்கு வட்சப்பில போகட்டும். பூட்டினா இந்த வேலைக்கு ஆள் பிடிச்சுக் கூலி குடுக்கவேணும் எண்டது அவருக்கே தெரியவரும்.

கதியால் எழுதினது:

குரைப்புக்கும் கட்டாக்காலிக்கும் மருந்து ஒண்டுதான்: வேலி.

நாலு பரப்பு எண்டா 40 பேர்ச், ஒரு பக்கம் கிட்டத்தட்ட 104 அடி. மதில் இல்லாத ரெண்டு பக்கமும் சேர்த்து 210 அடி அளவில. 8 அடிக்கு ஒரு கொங்கிறீற் தூண் வைச்சா 27, 28 தூண். 7 அடித் தூணில 2 அடி நிலத்துக்குள்ள, மேல 5 அடிக் கம்பி வலை. எங்கட பக்கம் ஒண்டரை அடியில சுண்ணாம்புக்கல் தட்டும், அலவாங்கு இல்லாமல் தொடங்காதேங்கோ. கல்லு விடாட்டி அந்த இடத்தில ஒண்டரை அடியோட நிப்பாட்டி, சுத்திவரக் கொங்கிறீற்றை அகலமாப் போடுங்கோ.

அடிப்பக்கம்தான் எல்லாரும் கோட்டை விடுறது. நாய் வேலியின்ர காலடியிலதான் கிண்டும். ஒண்டரை அடி அகல வலைத் துண்டு ஒண்டை வேலியின்ர அடியோட கட்டி, நிலத்தில படுக்கவைச்சு, மேல ஒரு சாண் மண்ணும் கல்லும் போடுங்கோ. உள்நாய் கிண்டுறதுக்கு உள்பக்கம், கட்டாக்காலி கிண்டுறதுக்கு வெளிப்பக்கம். காசு ஒண்டுக்குத்தான் காணுமெண்டா வெளிப்பக்கம் செய்யுங்கோ.

கிடுகைக் கழட்டி எறிஞ்சுபோடாதேங்கோ. வலைக்கு வெளியால நாலு அடி உயரத்துக்கு அதையே கட்டுங்கோ. நாய் குரைக்கிறது பாதிக்கு மேல ஒழுங்கையில போற சைக்கிளையும் மனிசரையும் கண்டுதான். கண்ணுக்குப் படாட்டி வாய் அடங்கும். கிடுகு தனிய நிண்டா நாய் கடிச்சுப் பிரிச்சுப்போடும், வலைக்குப் பின்னால நிண்டா ரெண்டு வருசம் போகும். தகரம் வேண்டாம். சோழகம் தொடங்கினா ஆணி கழண்டு நாள் முழுக்க அடிச்சுக்கொண்டு நிக்கும், அந்தச் சத்தத்துக்கே நாய் குரைக்கும்.

தூணுக்குக் காசு காணாட்டி இடையில கதியால் (உயிர்வேலித் தடி) போடலாம், மாரி தொடங்கேக்க நட்டாப் பிடிக்கும். பூவரசு நல்லது. சீமைக்கிளுவையின்ர பட்டையும் விதையும் நாய்க்கு நஞ்சு, குட்டிகள் சப்பும். முள்ளுக்கம்பி ஒரு நிரையும் வேண்டாம். பாயிற நாயின்ர வயித்தைத்தான் கிழிக்கும்.

படலை ரெண்டு வேணும். 6 அடிக்கு 6 அடி ஒரு கூடு, வெளிப்படலையைச் சாத்தினாப் பிறகுதான் உள்படலை திறக்கிறது. ரெண்டும் உள்பக்கமாத் திறக்கவேணும், அப்ப நாய் மோதினாலும் படலை சாத்துப்படும், திறபடாது. உங்கட படலையடிக் கடிபாடு பாதி இதோட நிக்கும். மிச்சத்தை ஆராவது நாய் தெரிஞ்ச ஆள் சொல்லட்டும்.

கிணத்தடி எழுதினது:

கிணத்துக்காரரோட வாக்குவாதப்பட வேண்டாம். சுன்னாகத்தில கிணறுகளில எண்ணெய் கலந்த கதைக்குப் பிறகு எங்கட ஆக்கள் தண்ணி எண்டா விட்டுக்குடுக்க மாட்டினம், குடுக்கவும் கூடாது. எங்கட நிலம் வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக்கல்லு, மேல மண் கொஞ்சம். மழை பெய்தா அழுக்கை மண் வடிகட்ட முதலே தண்ணி வெடிப்பால கீழ போயிடும். அந்த வீட்டார் சொல்லுறது நடக்கக்கூடியதுதான். ஆனா அவையின்ர மலக்குழியும் அந்தக் கிணத்துக்கு எவ்வளவு தூரம் எண்டு ஒருத்தரும் அளந்திருக்க மாட்டினம்.

ஆனபடியா மழைக்கு முதல் தண்ணியைச் சோதியுங்கோ, உங்கட செலவில. அந்தக் கிணறும், வளவுக்குத் தூரத்தில இருக்கிற இன்னொரு கிணறும். ஆய்வுகூடம் தாற கிருமி நீக்கின போத்தலில எடுத்து, ஐசில வைச்சு அண்டைக்கே குடுக்கவேணும். குடிதண்ணியில 100 மில்லிலீற்றருக்கு ஈ.கோலை பூச்சியமா இருக்கவேணும். மார்கழியில திரும்ப அதே ரெண்டு கிணறும். முதல் சோதனை இல்லாமல் மழைக்குப் பிறகு மட்டும் சோதிச்சா, எது வந்தாலும் பழி நாய்க்குத்தான்.

சோதனை எப்பிடி வந்தாலும் கிழக்கு மதிலோட 30 அடியை விட்டுடுங்கோ. வலை ஒண்டு குறுக்க கட்டி, அந்தத் துண்டில புல்லும் வாழையும் நில்லட்டும், நாய் போகக்கூடாது. வளவு மூண்டில ரெண்டாச் சுருங்கும், பரவாயில்லை. வளவுக்குள்ள பாழ்கிணறு இருந்தா முதல் வேலை அதுக்கு மூடி.

பீ அள்ளுறது ஒவ்வொரு நாளும். நடுத்தர நாய் ஒண்டு நாளுக்கு 300 கிராம் அளவில போகும், ஒன்பது நாயைப் பெருக்கிப் பாருங்கோ. கொழுக்கிப்புழு முட்டை ஈர மண்ணில ஒண்டு ரெண்டு நாளில பொரிச்சு, ஒரு கிழமைக்குள்ள கால்தோலால ஏறுற பருவத்துக்கு வந்திடும். கிழமைக்கு ஒருக்கா அள்ளுறது அள்ளாததுக்குச் சமன். நிழலான மணலில அது கன நாள் உயிரோட கிடக்கும், அதால "மணல் பரவுவம்" எண்டு ஆரும் சொன்னா ஓமெண்டாதேங்கோ.

அள்ளினதைக் கிடங்கு வெட்டித் தாட்டா நேர கிணத்துக்குத்தான் போகும். ஒரு கிணத்து வளையத்துக்கு அடியில கொங்கிறீற் போட்டு மூடி வைச்சு, ஒவ்வொரு முறையும் மேல சாம்பல் அல்லது உமி ஒரு சிரட்டை. நிரம்பினா பையில கட்டி, கழிவு வண்டி ஏத்துமோ எண்டு முதலே கேட்டு வைச்சுக் குடுங்கோ. மரக்கறிக்குப் பசளையாப் போடவே கூடாது. இந்தச் சின்ன வளையம் புழு முட்டை சாகிற அளவுக்குச் சூடாகாது.

ஒழுங்கைமுடக்கு எழுதினது:

இவ்வளவு கரைச்சல் ஏன்? கிழமைக்கு ஒருக்கா வளவு முழுக்க பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டா மணமும் போகும் கிருமியும் போகும்.

கிணத்தடி எழுதினது:

போகாது அண்ணை. மண்ணில விழுந்த குளோரீன் மண்ணில இருக்கிற குப்பையோடயே செலவழிஞ்சுபோயிடும். புழு முட்டைக்கு ஒண்டும் நடக்காது, நாயின்ர பாதம்தான் வெந்துபோகும். பிளீச்சிங் பவுடரின்ர இடம் கிணறு. நல்ல தூள் 1000 லீற்றருக்கு 2.5 கிராம். 2 மீற்றர் விட்டமுள்ள கிணத்தில 3 மீற்றர் தண்ணி எண்டா 9400 லீற்றர், அதுக்கு 24 கிராம் அளவில. வாளியில கரைச்சு, அடைய விட்டு, தெளிஞ்ச தண்ணியை மட்டும் கிணத்துக்க விட்டுக் கலக்கி, ஒரு மணித்தியாலம் பொறுத்து எடுக்கிறது. வெள்ளம் ஏறின கிணத்துக்கு இந்த அளவு காணாது, அதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்க்கட்டும்.

உண்ணி எழுதினது:

நாய்ப் பக்கம் நான் சொல்லுறன்.

படலைக்கூட்டுக்குள்ள வாரைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ள விடுறது. அவிண்ட நாய்களுக்கு நடுவில கட்டின நாய் ஒண்டு வந்தா அதுக்கு விலத்தி ஓட வழியில்லை, அதால கடிக்கும். உள்படலையடியில மற்ற நாய்கள் குவிஞ்சு நிண்டா, அதுகளைத் தூரக் கூப்பிட்டுப்போட்டுத் திறக்கவேணும். சாப்பாடு, எலும்பு, பந்து ஒண்டும் கொண்டுபோறேல்லை. பருவத்தில இருக்கிற பெட்டைக்கு மூண்டு கிழமை லீவு. மிச்சமிருக்கிற வளவுக்கு ஒரே நேரத்தில ஆறு நாய் காணும், ரெண்டு கோஷ்டியாப் பிரியுங்கோ. கடிபட்டா கழுத்துப்பட்டியில கை வைக்கிறதுதான் ஆக்கள் கடிவாங்குற வழி. ஒரு வாளி தண்ணியும் ஒரு பலகையும் எப்பவும் அங்க நிக்கட்டும். தண்ணி ஊத்து, பலகையை நடுவில விடு. வாளியைக் கிழமைக்கு ரெண்டு தரம் தேய்ச்சுக் கழுவாட்டி முத்திரைத்தாள் சொன்ன குடம்பி அதுக்குள்ளதான் கிடக்கும்.

விசர் ஊசி வருசாவருசம், துண்டின்ர படம் குழுவில இருக்கவேணும். முதல்முதல் ஊசி போட்ட நாய் 21 நாள் கழிச்சு வரட்டும். 1901 ஆம் ஆண்டுச் சட்டப்படி நாய்ப் பதிவும் இருக்கு, சபையில பதிஞ்சு வைச்சா முறைப்பாடு வரேக்க நீங்கள் ஒழுங்கான ஆக்கள். ஊசி முடியாத குட்டியை விடவே கூடாது, பார்வோ கிருமி மண்ணில மாதக்கணக்கில கிடக்கும். பூச்சி மருந்து மூண்டு மாதத்துக்கு ஒருக்கா, உண்ணி மருந்து பெட்டியில போட்டிருக்கிற கணக்கில.

ஆரையாவது கடிச்சா உடன சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவி, ஆஸ்பத்திரிக்கு. நாயை அடிச்சுக் கலைக்கவோ கொல்லவோ வேண்டாம். 14 நாள் கட்டிவைச்சுப் பார்க்கவேணும், நாய் காணாமல் போனா கடிபட்டவருக்கு முழு ஊசியும் ஏத்தவேண்டி வரும்.

நேரம் காலை 6 தொடக்கம் 7.30, பின்னேரம் 5 தொடக்கம் 6.30. ஓ.எல். சோதினை நடக்கிற நாளுகளில காலையில மட்டும். ஒழுங்கையில செத்தவீடு எண்டா அண்டைக்குப் பூட்டு. வெடி கொளுத்தத் தொடங்கினா எந்த வேலியும் நாயை மறிக்காது, மரியாதையும் அதுதான்.

வடலி எழுதினது:

எல்லாருக்கும் நன்றி. கடிதத்தை இந்தக் கிழமை எழுதுறம், தண்ணிச் சோதனைக்கும் கிழக்கு வீட்டு அக்காவிட்டக் கேட்டு அவவையும் கூட்டிக்கொண்டு போறம். ஒரு சந்தேகம்: ஐப்பசி, கார்த்திகையில வளவின்ர ஒரு மூலையில தண்ணி நிக்கும். அப்ப நாயை விடலாமோ?

உண்ணி எழுதினது:

தண்ணி நிக்கும்வரை விடாதேங்கோ. 2024 மார்கழியில எங்கட மாவட்டத்தில எலிக்காய்ச்சலால ஆக்கள் செத்தது தெரியும்தானே. எலி மூத்திரம் கலந்த தண்ணியால நாய்க்கும் வரும், நாயால மனிசருக்கும் வரும். வருசாந்த ஊசியில லெப்டோவும் (எலிக்காய்ச்சல் ஊசி) சேர்ந்திருக்கோ எண்டு மிருக வைத்தியரைக் கேளுங்கோ. பழைய கிடுகை வளவுக்குள்ள அடுக்கி வைக்க வேண்டாம், எலி அதுக்கதான் குடியிருக்கும்.

கதியால் எழுதினது:

அந்த மூலையை மண் போட்டு நிரப்ப வெளிக்கிடாதேங்கோ, தண்ணி பின்வீட்டுக்குத் திரும்பும், பிறகு மூண்டாவது முறைப்பாடு. ஒழுங்கை வாய்க்காலுக்கு ஒரு அடி அகலத்தில வெட்டிவிடுங்கோ, வேலிக்கு அடியால போற இடத்தில 4 அங்குலக் குழாய் வைச்சு வாயில வலை. வலையில சருகு அடைக்கும், மழை விட்ட கையோட ஒராள் போய் இழுத்துவிடவேணும். வாய்க்கால் வெட்ட முதல் சபையில ஒரு சொல்லுக் கேட்டுக்கொள்ளுங்கோ.